மச்சானும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்வதில்லை

கேள்வி:

நான் திருநாவலூரில் வாழ்க்கைப்பட்டவள். பிறந்த வீடு கள்ளக்குறிச்சி. வீட்டுக்காரர் கரும்பும் மல்லாட்டையும் போடுகிறார். சின்ன வயதிலிருந்தே அவர் ஒரு கட்சி. என் அண்ணன் இன்னொரு கட்சி, வார்டில் பொறுப்பும் வைத்திருக்கிறார். பெண் கேட்டு வந்தபோதே இரண்டு வீட்டுக்கும் இது தெரியும். இத்தனை வருடத்தில் கிண்டல் கேலி இருந்திருக்கிறதே தவிர சண்டை வந்ததில்லை. அண்ணன் வருகிறார் என்றால் இவரே போய் நாட்டுக்கோழி வாங்கி வருவார். தேர்தலில் யார் கட்சி தோற்கிறதோ அவர் மற்றவருக்கு பிரியாணி வாங்கித் தரவேண்டும் என்று பேசி வைத்திருந்தார்கள்.

2024 ஜூனில் கருணாபுரத்தில் சாராயம் குடித்து அத்தனை பேர் செத்தார்களே, அப்போது ஆரம்பித்தது. செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று அரசு அறிவித்ததும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இவர், “குடித்துச் செத்தவனுக்குப் பத்து லட்சம், வெட்டி அனுப்பின கரும்புக்கு எனக்குப் பாக்கி” என்று போட்டார். அண்ணன் அந்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரிக்கும் சுடுகாட்டுக்கும் அலைந்தவர். அவருக்குத் தெரிந்தவர் ஒருவரும் போய்விட்டார். “மனுஷனா நீ” என்று பதில் போட்டார். அப்புறம் யார் யாரோ அனுப்பிய வீடியோக்களை இவரும் அவரும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். கடைசியில் அண்ணன் குழுவை விட்டே போய்விட்டார்.

அதுகூடப் பரவாயில்லை. என் நாத்தனார் மகன் காதுகுத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது மறுபடி பேச்சு வந்தது. அண்ணன், “காசுக்கு ஓட்டை விற்கிறவன் எல்லாம் நியாயம் பேசுகிறான்” என்றார். இவர், “கட்சிக் காசில் சாப்பிடுகிறவனுக்கு எங்கள் வீட்டு இலை எதற்கு” என்று கேட்டுவிட்டார். அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

இப்போது என் மகள் பெரியவளாகியிருக்கிறாள். தை மாதம் மஞ்சள் நீராட்டு வைத்திருக்கிறோம். “அவன் சீர் கொண்டுவந்தால் நான் பந்தலில் நிற்கமாட்டேன்” என்கிறார் இவர். பெண்ணோ, மாமா வராமல் எனக்கு விழாவே வேண்டாம் என்கிறாள். இனிமேல் வீட்டில் அரசியலே பேசக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிடட்டுமா? யார் முதலில் மன்னிப்புக் கேட்பது? இன்னொன்றும் சொல்லவேண்டும். எனக்கும் ஓட்டு இருக்கிறது. நான் யாருக்குப் போடுகிறேன் என்று இருவரும் இதுவரை கேட்டதில்லை. (பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியிருந்த இரண்டு கட்சிப் பெயர்களையும் எடுத்துவிட்டுத்தான் கடிதத்தை அச்சிடுகிறோம். அவற்றை இடம் மாற்றிப் போட்டாலும் சண்டை இதே சண்டையாகத்தான் இருக்கும்.

முதலில் உங்கள் யோசனைக்கு வருகிறேன். வீட்டில் அரசியல் பேசக்கூடாது என்று சட்டம் போடாதீர்கள். போட்டாலும் நிற்காது. உங்கள் கணவருக்குக் கரும்புப் பணம் எப்போது வரும் என்பது அரசியல். உங்கள் ஊரில் சாராயம் எங்கே விற்கிறது, நூறு நாள் வேலைக் கூலி ஏன் தாமதமாகிறது, ஏரிக்கு ஏன் தண்ணீர் வரவில்லை என்பதெல்லாம் அரசியல். இதைப் பேசாமல் அவர்கள் வேறு எதைப் பேசுவது? வெயிலையும் மழையையும் பேசலாம். அதுவும் நாலாவது வாக்கியத்தில் பயிர்க் காப்பீட்டில் போய் முட்டும். தடை போட்டுக் காக்கிற அமைதியில் மனிதர்கள் மரியாதையாகப் பேசுவதில்லை, வெறுமனே பேசாமல் இருக்கிறார்கள். என்னிடம் வருகிற குடும்பங்களில் இந்த வகை அமைதி மிகுந்த வீடுகளில்தான் ஒரு நாள் சின்ன விஷயத்துக்குப் பெரிய வெடிப்பு நடக்கிறது.

உங்கள் கடிதத்தை இன்னொரு முறை நீங்களே படித்துப் பாருங்கள். பல வருடம் கோழிக் குழம்போடு ஓடிய பேச்சு எந்த இரண்டு இடங்களில் முறிந்தது? ஒன்று, வாட்ஸ்அப் குழு. இன்னொன்று, காதுகுத்துப் பந்தி. இரண்டும் சபை. இருவரும் தனியாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு தடவைகூட முறியவில்லை. நான் பிடித்துக்கொள்வது இந்த ஒன்றைத்தான்.

நாலு பேர் பார்க்கும்போது மனிதன் எதிரே இருப்பவனிடம் பேசுவதில்லை, பார்க்கிறவர்களிடம் பேசுகிறான். அங்கே “நீ சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது” என்று ஒத்துக்கொண்டால் தோற்றதாக ஆகிவிடும். அதுவும் உங்கள் அண்ணனுக்கு அது தங்கை புகுந்த வீட்டுச் சபை. உங்கள் கணவருக்கோ சொந்தச் சகோதரி வீட்டு விசேஷம், தன் ஆட்கள் அத்தனை பேரும் இருக்கிற இடம். மச்சானிடம் தாழ்ந்து போகக்கூடாத இடம் அவருக்கு அது. மாப்பிள்ளையிடம் தலைகுனியக்கூடாத இடம் அண்ணனுக்கு அது. அந்த இடத்தில் கருணாபுரத்தைப் பற்றி என்ன பேசினாலும் அது கருணாபுரத்தைப் பற்றியதாக இருந்திருக்காது. வாட்ஸ்அப் குழு இதைவிட மோசம். பந்தியாவது இலை எடுத்ததும் கலையும். குழு கலைவதே இல்லை. சொன்னது அழியாமல் நிற்கிறது, பின்னால் வந்து சேர்கிறவரும் படிக்கிறார். முகம் தெரிவதில்லை, குரல் கேட்பதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்த அண்ணனின் முகத்தை உங்கள் கணவர் பார்த்திருந்தால் அந்த வாசகத்தை அன்றைக்கு எழுதியிருப்பாரா? எனக்கு நம்பிக்கையில்லை.

உங்களுக்கு நான் தொலைதூரத்து உதாரணம் தேடவேண்டியதில்லை. நீங்கள் குடியிருப்பது சுந்தரர் பிறந்த ஊர். தடுத்தாட்கொண்ட கதை உங்கள் ஊர்க் குழந்தைகளுக்கும் தெரியும். ஆனால் அதை வழக்காடிய கதையாக யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பெரியபுராணத்தில் சேக்கிழார் அதை அப்படித்தான் விரிக்கிறார். புத்தூரில் சுந்தரருக்குக் கல்யாணப் பந்தல். முதியவர் ஒருவர் வந்து, இவன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை இருக்கிறது என்கிறார். கூடியிருந்தவர்கள் நகைக்கிறார்கள். மாப்பிள்ளை அவரைப் பித்தன் என்கிறார். விரட்டிப் போய் ஓலையைப் பிடுங்கிக் கிழித்தும் போடுகிறார். பந்தலில் நடந்தது இவ்வளவுதான்: ஏளனம், வசை, கிழிப்பு.

வழக்கு அங்கே தீரவில்லை. திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அங்கேயும் பலர் கூடியிருந்தார்கள், அதுவும் சபைதான். ஆனால் அந்தச் சபைக்கு முறை இருந்தது. வசைபாட விடவில்லை. சாட்சி என்ன, ஆவணம் எங்கே என்று கேட்டார்கள். கிழிந்தது படி, மூலம் இதோ என்று முதியவர் எடுத்துக் கொடுத்தார். அதிலிருந்த கையெழுத்து பாட்டனுடையதுதானா என்று, காப்பில் இருந்த பழைய ஓலையை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒத்திருந்தது. சுந்தரர் தோற்றார், தோல்வியை ஒப்புக்கொண்டார். அவர் வசையாகச் சொன்ன அதே சொல்லை வைத்தே பாடும்படி, முதியவராக வந்த இறைவன் கேட்டதாகக் கதை முடிகிறது. வசவை வாங்கியவர் அதைக் கணக்கு வைக்கவில்லை.

(இதில் எனக்கு எப்போதும் ஒரு குறை உண்டு. அன்று மணமேடையில் இருந்த சடங்கவி சிவாச்சாரியாரின் மகளை அந்தச் சபையும் இந்தச் சபையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊருக்கு மணம் தவிர்ந்த புத்தூர் என்று பெயர் வந்தது, அவளுக்கு அதுவும் இல்லை. உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளைப் படித்தபோது அவள் நினைவுதான் வந்தது.)

ஆகவே பலர் முன்னிலையில் பேசுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. கிராம சபையில் பேசலாம். வருடத்தில் சில நாள் கூடுகிறது, பொருள் வைத்துப் பேசுகிறது, தீர்மானம் எழுதுகிறது. நீதிமன்றத்தில் பேசலாம். முறையில்லாத சபையில் மட்டும் பேசவேண்டாம். பந்தி அப்படிப்பட்டது. டீக்கடை அப்படிப்பட்டது. கைப்பேசிக் குழு எல்லாவற்றையும்விட அப்படிப்பட்டது. உங்கள் மாவட்டத்துக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. 2022 ஜூலையில் கனியாமூரில் ஒரு மாணவியின் மரணத்தை ஒட்டி வாட்ஸ்அப் வழியாகத் திரண்ட கூட்டம் பள்ளிப் பேருந்துகளைக் கொளுத்தியதை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள்.

இனி, தனியாகப் பேசுவது என்றால் என்ன என்று சொல்கிறேன். நம் நாட்டில் ராஜாஜி, பெரியார் அளவுக்கு எதிரெதிராக நின்றவர்கள் குறைவு. 1920-களின் தொடக்கத்தில் இருவரும் காங்கிரஸில் ஒன்றாகக் கள்ளுக்கடை மறியல் பேசியவர்கள். பெரியார் சேலத்தில் இருந்த தன் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தது அந்தக் காலம். 1925-இல் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் வெளியேறினார். 1938-இல் ராஜாஜியின் அரசு பள்ளியில் இந்தியைக் கட்டாயமாக்கியது, எதிர்த்த பெரியாரைச் சிறையில் போட்டது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று பெயர் சூட்டிப் பெரியார் ஊர் ஊராக எதிர்த்தார். அடுத்த வருடம் ராஜாஜி முதலமைச்சர் பதவியை விட்டுப் போனார். இதில் ஒன்றுகூட விளையாட்டுச் சண்டை இல்லை. இலட்சக்கணக்கான பிள்ளைகளின் படிப்பு சம்பந்தப்பட்டது.

இந்த இரண்டு பெரிய சண்டைக்கும் நடுவில், 1949 மே மாதம், கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி உங்கள் பக்கத்துத் திருவண்ணாமலைக்கு வந்தார். பெரியார் அங்கே போய் அவரைத் தனியே சந்தித்தார். அப்போது பெரியாருக்குத் தன் கட்சிக்குள்ளேயே யாரிடமும் மனம்விட்டுப் பேசமுடியாத ஒரு விஷயம் இருந்தது, மணியம்மையாரைத் திருமணம் செய்வது. அதைக் கலந்து பேச அவர் தேர்ந்தெடுத்த ஆள், தன்னைச் சிறையில் வைத்த ஆள். இருவரும் பேசியதைச் சபையில் வைக்கவில்லை. என்ன பேசினார்கள் என்று நாடெல்லாம் ஊகம் பறந்தது. கழகத்துக்குள் சந்தேகம் வளர்ந்தது. ஜூலையில் திருமணம், செப்டம்பரில் அண்ணாவும் தோழர்களும் பிரிந்துபோய்த் திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கிவிட்டார்கள். அவ்வளவு நெருக்கடியிலும் பெரியார், நண்பர் தன்னிடம் சொன்னதை மேடைக்குக் கேடயமாக எடுத்துக்கொண்டு வரவில்லை.

மரியாதையாகப் பேசுவது என்றால் குரலைத் தணித்துப் பேசுவது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெரியார் குரலைத் தணித்தவர் இல்லை. ராஜாஜியின் கிண்டலும் லேசானதில்லை. அவர்களிடம் இருந்தது வேறு. எதிரி தன்னிடம் நம்பிச் சொன்னதை எதிரிக்கு எதிராகப் பயன்படுத்தமாட்டேன் என்கிற உறுதி. இன்றைக்கு ஒருவர் தனியாகச் சொன்னதைத் திரைப்பிடிப்பு எடுத்துக் குழுவில் போடுவது சாதாரணமாகிவிட்டது. குரல் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அதைச் செய்கிறவரிடம் யாரும் மனம் திறக்கமாட்டார்கள். 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி இறந்தபோது 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் மயானத்துக்கு வந்து அழுதார். ஒரு வருடம் நிறைவதற்கு ஒரு நாள் முன்பு அவரும் போய்ச் சேர்ந்தார்.

உங்கள் கணவரும் அண்ணனும் அவ்வளவு பெரிய மனிதர்கள் இல்லை. அவர்களுக்கு இடையில் அவ்வளவு பெரிய சண்டையும் இல்லை. அவர்கள் எழுதியதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் கணவர் சொல்வது, உழைத்த காசு கைக்கு வரவில்லை என்பது. உங்கள் அண்ணன் சொல்வது, தெரிந்தவர்கள் கண்முன்னால் செத்தார்கள் என்பது. இவை ஒன்றையொன்று மறுக்கவே இல்லை. இரண்டும் உண்மை. தன் வலியைச் சொல்வதற்குப் பதில் இருவரும் கட்சி தயாரித்துக் கொடுத்த வாசகத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.

அவர்கள் உட்காரும்போது பேச்சைத் தொடங்கிவைக்க உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். “யார் குற்றம்?” என்ற கேள்வியை ஒத்திவையுங்கள். “எப்படி?” என்று கேளுங்கள். மெத்தனால் தொழிற்சாலைக்கான சரக்கு, குடிக்கிற பண்டமே இல்லை. அது கள்ளக்குறிச்சி நகரத்தின் நடுவில் பாக்கெட்டுக்குள் எப்படி வந்தது? வழியில் எத்தனை கை மாறுகிறது? ஒவ்வொரு கையையும் யார் தடுத்திருக்கலாம்? 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபிறகு ஆட்சியரை மாற்றினார்கள், காவல் கண்காணிப்பாளரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள், சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனைவரை கொண்டுவந்தார்கள். அந்த வருடம் நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. இதில் எது அடுத்த சாவைத் தடுக்கும்? முழு மதுவிலக்கு என்று ஒருவர் சொன்னால், சரி, அறிவித்த மறுநாள் கல்வராயன் மலையில் என்ன நடக்கும் என்று கேளுங்கள். டாஸ்மாக் கடையே போதும் என்று மற்றவர் சொன்னால், கடை இருக்கும்போதே தினக்கூலிக்காரர் ஏன் பாக்கெட் சாராயத்துக்குப் போனார் என்று கேளுங்கள். பத்து லட்சம் கூடாது என்றால் அப்பாவும் அம்மாவும் போன வீட்டுப் பிள்ளைகளை யார் படிக்கவைப்பது என்று கேளுங்கள். பத்து லட்சம் நியாயம் என்றால் கரும்புக்காரருக்கு என்ன பதில் என்றும் கேளுங்கள்.

இது என் கைச்சரக்கு மட்டுமில்லை. 2013-இல் அமெரிக்காவில் பிலிப் ஃபெர்ன்பாக் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதைச் சோதித்தார்கள். அரசியல் கொள்கைகளை ஏன் ஆதரிக்கிறீர்கள் என்று காரணம் கேட்டால் மனிதர்கள் இருந்த இடத்திலேயே நின்றார்கள். அந்தக் கொள்கை எப்படி வேலை செய்யும் என்று படிப்படியாக விளக்கச் சொன்னால், தனக்கு அவ்வளவாகத் தெரியவில்லையே என்று உணர்ந்து பிடிவாதம் சற்றுத் தளர்ந்தது. பின்னால் செய்த சோதனைகளில் எல்லாத் தடவையும் அப்படியே வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் திண்ணைக்கு இது போதும். ஏன் என்று கேட்டால் வக்கீல் பேசுகிறான். எப்படி என்று கேட்டால் விவசாயி பேசுகிறான்.

இன்னொரு ஆய்வும் உங்களுக்குப் பயன்படும். 2016-இல் டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இருவர் மயாமி நகரத்தில் நடந்ததை ஆராய்ந்து வெளியிட்டார்கள். திருநர்களின் உரிமை பற்றி வீடு வீடாகப் போய்ச் சுமார் பத்து நிமிடம் பேசினார்கள். வாதாடவில்லை. உங்களை யாராவது வேறுமாதிரிப் பார்த்து ஒதுக்கியது உண்டா என்று கேட்டார்கள், சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். அந்தச் சின்னப் பேச்சு ஏற்படுத்திய மாற்றம் மூன்று மாதத்துக்குப் பிறகும் நின்றது. உங்கள் கணவர் செய்யவேண்டியது ஒன்றுதான்: “மச்சான், அந்த வாரம் ஆஸ்பத்திரியில் என்ன பார்த்தாய்?” என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கிறவரை வாய் திறக்காமல் இருப்பது. உங்கள் அண்ணனும் ஒரு நாள் கரும்புக் கணக்கு நோட்டை வாங்கிப் பார்க்கட்டும்.

இதையெல்லாம் செய்தால் ஒருவர் கட்சிக்கு மற்றவர் மாறிவிடுவாரா? மாட்டார். அந்த ஆசையோடு உட்கார்ந்தால் பேச்சே கெட்டுவிடும். 1971-இல் மதுவிலக்கைத் தளர்த்தப்போகிறார்கள் என்று தெரிந்ததும் 92 வயது ராஜாஜி முதலமைச்சர் கருணாநிதியின் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சில மாதங்களுக்கு முன்புதான் காமராஜரோடு சேர்ந்து அதே கருணாநிதியின் கட்சியை எதிர்த்துத் தேர்தலைச் சந்தித்தவர் அவர். வீட்டுக்குப் போவதைக் கௌரவக் குறைவாக நினைக்கவில்லை. வந்தவருக்கு மரியாதை கிடைத்தது, கேட்டது கிடைக்கவில்லை. ஆகஸ்ட் இறுதியில் மதுவிலக்கு தளர்ந்தது. மரியாதையான பேச்சுக்கு எப்போதும் பலன் உண்டு என்று உங்களுக்குப் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

கசப்பான ஒன்றையும் சொல்லவேண்டும். எல்லாப் பேச்சும் கருத்து வேறுபாடு இல்லை. நிவாரணத் தொகை அதிகம் என்று உங்கள் கணவர் சொன்னால் அது கருத்து, வாதாடலாம். ‘குடித்துச் செத்தவன்’ என்று அவர் எழுதியது கருத்து இல்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்காரர்கள், அவர்களில் தலித் மக்கள் நிறைய. நம் வட்டாரத்தில் கட்சியைச் சொல்லிச் சாதியைப் பேசுவதும், குடியைச் சொல்லிச் சாதியைப் பேசுவதும் எப்படி என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். உங்கள் கணவர் அந்த அர்த்தத்தில் எழுதவில்லை என்றே இருக்கட்டும். படிக்கிறவருக்கு அப்படித்தான் படும் என்பதை நீங்கள் அவரிடம் சொல்லியாகவேண்டும். இரு தரப்பையும் மதிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு இதைக் கேட்டும் கேட்காததுபோல் இருப்பது மரியாதை ஆகாது. நேரடியாகச் சாதியைச் சொல்லித் திட்டுகிறவனோடு, கை ஓங்குகிறவனோடு ‘மரியாதையாக உரையாடு’ என்று அடிபட்டவரிடம் அறிவுரை சொல்கிற வேலையை நான் செய்வதில்லை. எழுந்து வந்துவிடலாம், புகாரும் கொடுக்கலாம். உங்கள் வீட்டு விவகாரம் அந்த எல்லைக்குப் போகவில்லை.

மன்னிப்பு யார் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அரசியலுக்காக யாரும் கேட்கவேண்டாம். பந்தியில் சொன்ன இரண்டு வாக்கியங்களுக்காக இருவரும் கேட்கவேண்டும். ஓட்டை விற்கிறவன் என்றது, கேட்டவர் அத்தனை பேரையும் சேர்த்து அவமதித்தது. ஆனால் முதலில் கேட்கவேண்டியவர் உங்கள் கணவர்தான். இலையில் உட்கார்ந்தவரைச் சாப்பாட்டைச் சொல்லி எழுப்பியது அவர். அதற்கு எந்தக் கட்சியிலும் சமாதானம் கிடையாது. திரு.வி.க. ஈரோட்டில் பெரியார் வீட்டில் தங்கியிருந்தபோது, குளித்துவிட்டு வந்தவருக்குத் திருநீற்றை எடுத்து நீட்டியது பெரியாரே என்று சொல்வார்கள். காஞ்சிபுரம் மாநாட்டில் தலைவராக இருந்து பெரியாரின் தீர்மானத்தை அனுமதிக்காதவர் திரு.வி.க.; திருநீற்றில் துளியும் நம்பிக்கையில்லாதவர் பெரியார். வீட்டுக்கு வந்தவருக்கு உரியதைக் கொடுத்தார், கொள்கை ஒன்றும் குறைந்துவிடவில்லை. மன்னிப்பை நீண்ட உரையாக வைக்கவேண்டாம். “அன்றைக்கு இலையில் வைத்து நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது மச்சான்” என்பது போதும். ‘ஆனால்’ என்ற சொல் மட்டும் அதன் பின்னால் வரக்கூடாது.

இனி உங்களைப் பற்றி. இருவருக்கும் நடுவில் சமாதானத் தூதராக மட்டும் உங்களை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கும் கருணாபுரத்தைப் பற்றி ஓர் எண்ணம் இருக்கும். மதுக்கடை பற்றி நம் ஊர்ப் பெண்களுக்கு இல்லாத அபிப்பிராயமா? 2024 அக்டோபர் 2 அன்று உங்கள் பக்கத்து உளுந்தூர்ப்பேட்டையில் மது ஒழிப்பு மகளிர் மாநாடு நடந்தபோது எத்தனை பெண்கள் போய் உட்கார்ந்தார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். யாருக்கு ஓட்டு என்பதை நீங்கள் யாரிடமும் சொல்லவேண்டியதில்லை, அது உங்கள் இரகசியம். ஆனால் என்ன நினைக்கிறீர்கள் என்பதை அந்தத் திண்ணையில் சொல்லுங்கள். இரண்டு பேர் மட்டும் பேசும்போது அது போட்டி. மூன்றாவதாக ஒருவர் கட்சி சாராமல் தன் கருத்தைச் சொன்னால் இருவருமே அவரிடம் விளக்கவேண்டி வரும், குரல் கொஞ்சம் இறங்கும். உங்கள் மகளும் இரண்டு மூன்று தேர்தல் கழித்து ஓட்டுப் போடப்போகிறவள். வீட்டில் அரசியல் எப்படிப் பேசுவது என்பதை இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

குடும்பக் குழுவை மூடவேண்டாம். பிறந்தநாளும் திருவிழாப் படமும் போடட்டும். அரசியல் வீடியோ போடத் தோன்றினால் ஒருவர் மற்றவருக்குப் போன் செய்து பேசட்டும் என்று பொதுவாக வேண்டிக்கொள்ளுங்கள். கேட்காதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குப் பதில் போடாமல் இருப்பதை உங்கள் வீட்டில் தொடங்குங்கள்.

கடைசியாக, சீர். தாய்மாமன் சீர் உங்கள் கணவர் போட்ட பிச்சை இல்லை, அவர் நிறுத்திவைப்பதற்கு. அது உங்கள் மகளுக்கும் அவள் மாமனுக்கும் உள்ள உறவு. கணவர் பந்தலில் நிற்கமாட்டேன் என்பது கோபத்தில் வந்த பேச்சு. பெண்ணின் விழாவில் தகப்பன் நிற்காமல் இருக்கமாட்டார். தாம்பூலத் தட்டோடு அண்ணன் வீட்டுக்கு அழைக்கப் போங்கள், பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போகவேண்டாம். கணவர் வந்தால் அவரை அண்ணனோடு தனியாக உட்காரவிட்டு, நீங்களும் அண்ணியும் அடுப்படிக்குப் போய்விடுங்கள். வர மறுத்தால் நீங்களும் மகளும் போங்கள். அழைப்பிதழ் இன்னும் அச்சுக்குப் போயிருக்காது என்று நினைக்கிறேன். தாய்மாமன் பெயரைச் சேர்த்துவிட்டு அனுப்புங்கள்.